எச்சம்: ஒரு துளிப் பாதரசத்திலிருந்து

1994-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம், உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் குளோரம்ஃபெனிக்கால் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுப்பதை முற்றாகத் தடை செய்தது. பெயர் பரிச்சயமற்றதாகத் தோன்றலாம். ஆனால் கண்வலிக்குக் கீழிமையில் பிதுக்கிவிடும் களிம்பும், நம் முந்தைய தலைமுறையினர் டைபாய்டு காய்ச்சலுக்கு விழுங்கிய குளோரோமைசெட்டின் குளிகையும் இதுவேதான். பிற மருந்துகள் பலவற்றுக்கு, ஒரு கிலோ இறைச்சியில் அல்லது ஒரு கிலோ பாலில் இத்தனை மைக்ரோகிராம் வரை தங்கியிருக்கலாம் என்று ஓர் எல்லையைச் சட்டம் வகுத்திருக்கிறது. குளோரம்ஃபெனிக்காலுக்கு அப்படி ஓர் எல்லையை வகுக்க முடியவில்லை. ஆகவே எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்ற கேள்விக்கு, சிறிதும் கூடாது என்பதே விடையாயிற்று.

கேட்பதற்கு எளிமையான விடைதான். ஆனால் சிறிதும் இல்லை என்று சொல்ல ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவியின் கண்ணுக்கு எட்டாததெல்லாம் அதன் கணக்கில் இல்லாததே. இன்னும் கூர்மையான கருவி ஒன்று வந்தால், நேற்றுவரை இல்லாதிருந்தது இன்று இருப்பதாகிவிடும். சட்டத்தின் பூஜ்யம் இப்படிக் கருவியின் பின்னாலேயே நகர்ந்துவந்த கதையைத்தான் இங்கே பார்க்க முயல்கிறோம். அதற்கு நாம் முதலில் செல்ல வேண்டிய இடம் பிராக் நகரம்.

யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி 1890-இல் அந்நகரில் பிறந்தவர். தந்தை ரோமானியச் சட்டப் பேராசிரியர். லண்டனில் படித்துக்கொண்டிருந்தவரை முதல் உலகப்போர் ஊரிலேயே நிறுத்திவிட, ராணுவ மருத்துவமனையில் பணிபுரிந்தபடியே ஆய்வையும் முடித்தார். 1918-இல் முனைவர் பட்டத் தேர்வுக்கு வந்திருந்த இயற்பியலாளர் போஹுமில் குச்சேரா அவரிடம் ஒரு புதிரை ஒப்படைத்தார். மயிரிழை போன்ற துளையுள்ள கண்ணாடிக் குழாயிலிருந்து பாதரசத்தைச் சொட்டவிட்டு, மின்னழுத்தத்தை மாற்ற மாற்றத் துளிகளின் எடை எப்படி மாறுகிறது என்று அளந்துகொண்டிருந்தவர் குச்சேரா. அவருடைய வளைகோடுகளில் சில இடங்களில் கோட்பாட்டுக்குப் பொருந்தாத நெளிவுகள் இருந்தன. ஹெய்ரோவ்ஸ்கி துளிகளைச் சேர்த்து, உலர்த்தி, நிறுத்து, குறித்துவைக்கும் பணியில் ஆண்டுகளைச் செலவிட்டார். சலிப்பூட்டும் வேலை. அந்தச் சலிப்பிலிருந்துதான் துளியை நிறுப்பதை விட்டுவிட்டு, அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தை அளந்தால் என்ன என்ற எண்ணம் பிறந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

1922 பிப்ரவரி 10 அன்று, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் பாதரசம் சொட்டிக்கொண்டிருக்க, மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றியபடி கால்வனாமீட்டரின் ஒளிப்புள்ளி காட்டிய அளவுகளைக் கையால் குறித்துக் கோடு வரைந்தார். கோடு படிக்கட்டுபோல் எழுந்தது. கரைசலில் கரைந்துள்ள ஒவ்வொரு பொருளும் தனக்கென்று உரிய மின்னழுத்தத்தில் மின்முனையிலிருந்து எலெக்ட்ரான்களை ஏற்கத் தொடங்குகிறது. எந்த இடத்தில் படி எழுகிறது என்பது பொருளின் அடையாளம். படியின் உயரம் அதன் அளவு. ஒரே கோட்டில் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டது. குச்சேரா அதைப் பார்க்கவில்லை. முந்தைய ஆண்டே அவர் காலமாகியிருந்தார்.

பாதரசத் துளிக்கு மற்றுமொரு நற்குணம் உண்டு. சில நொடிகளுக்கு ஒருமுறை பழைய துளி விழுந்து, முற்றிலும் புதிய, மாசற்ற பரப்புடன் அடுத்த துளி பிறக்கிறது. முந்தைய அளவீட்டில் படிந்த அழுக்கு எதுவும் அடுத்ததைத் தொடர்வதில்லை. திடமான மின்முனைகளுக்கு இந்த மறதி வாய்க்கவில்லை என்பதைப் பின்னர் பார்ப்போம்.

ஹெய்ரோவ்ஸ்கியின் ஆய்வகத்துக்கு ஜப்பானிலிருந்து வந்திருந்த மசூசோ ஷிகாட்டா, அவருடன் சேர்ந்து 1924-இல் இந்த அளவீட்டைத் தானாகவே ஒளிப்படத் தாளில் பதிவு செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். போலரோகிராஃப் என்று பெயரிடப்பட்ட அக்கருவி, ஒரு மணி நேர வேலையைச் சில நிமிடங்களுக்குச் சுருக்கியது. ஆனால் நம் கதைக்கு ஷிகாட்டா வேறொரு காரணத்துக்காகவே முக்கியமானவர். அதுவரை உலோக உப்புகளுக்கே பயன்பட்டுவந்த இம்முறையைக் கரிமச் சேர்மங்களின் பக்கம் திருப்பியவர் அவர். 1925-இல் ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் அவர் வெளியிட்ட கட்டுரையின் பொருள் நைட்ரோபென்சீன். ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட வளையம். அதில் ஒரு நைட்ரோ தொகுதி. பாதரசத் துளி அந்த நைட்ரோ தொகுதிக்கு எலெக்ட்ரான்களை ஊட்டுகிறது, அது ஒடுக்கமடைகிறது, படி எழுகிறது. மருந்துகளோடு எந்தத் தொடர்பும் அற்ற தூய வேதியியல் ஆய்வு அது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துக் கிடைக்கவிருந்த ஒரு மருந்தின் அடையாளம் அதில் பதிவாகிக் கிடந்தது.

1947-இல் வெனிசுலாவின் கராகஸ் நகருக்கு அருகிலிருந்து எடுத்துவரப்பட்ட மண்ணில், ஏல் பல்கலைக்கழகத்தின் பால் பர்க்ஹோல்டர் கண்டெடுத்த ஒரு நுண்ணுயிரி, புதியதொரு நுண்ணுயிர்க்கொல்லியைச் சுரந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து மண்ணிலிருந்தும் அதே வகை உயிரி பிரித்தெடுக்கப்பட்டது. எங்கோ தூரதேசத்துக் காட்டில் மட்டும் கிடைக்கும் அபூர்வம் அன்று அது என்பதை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்வோம். பார்க்-டேவிஸ் நிறுவனம் மருந்தைத் தூய்மைப்படுத்தியது. 1949-இல் மில்ட்ரெட் ரெப்ஸ்டாக் உள்ளிட்ட குழுவினர் அதன் கட்டமைப்பை வெளியிட்டபோது வேதியியலாளர்கள் வியந்தனர். அதில் பென்சீன் வளையத்தில் ஒட்டிய நைட்ரோ தொகுதி இருந்தது. சாயத் தொழிற்சாலைக்கும் வெடிமருந்துச் சாலைக்கும் உரியதென்று கருதப்பட்ட ஒன்றை ஒரு மண்ணுயிரி தன் போக்கில் செய்துகொண்டிருந்தது.

1948-இல் கோலாலம்பூரில், உண்ணிக் காய்ச்சலுக்கு அம்மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்த அமெரிக்க மருத்துவர் குழு, அது டைபாய்டையும் குணப்படுத்துவதைக் கண்டது. அதுவரை டைபாய்டுக்கென்று நேரடி மருந்து இருக்கவில்லை. வாரக்கணக்கில் பத்தியம் இருந்து, காய்ச்சல் தானாக இறங்குகிறதா ஆளைக் கொண்டுபோகிறதா என்று காத்திருந்த குடும்பங்களுக்கு இந்தக் குளிகை என்னவாகத் தெரிந்திருக்கும் என்பதை இன்று நாம் ஊகிக்க மட்டுமே முடியும். செயற்கையாகத் தயாரிக்க எளிது, விலை குறைவு, வாய்வழியே உட்கொள்ளலாம். சாதாரணச் சளிக்கும் தொண்டைவலிக்கும்கூட எழுதித் தரப்பட்டது.

1950-களின் தொடக்கத்திலேயே மறுபக்கம் தெரியலாயிற்று. மருந்து உட்கொண்டு வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் கழிந்தபின், மிகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜை குருதியணுக்களை உற்பத்தி செய்வதையே நிறுத்திவிட்டது. ஏப்ளாஸ்டிக் அனீமியா எனப்படும் இந்நிலை அன்று பெரும்பாலும் மரணத்தில் முடிந்தது. 1969-இல் கலிபோர்னியாவில் செய்யப்பட்ட கணக்கீடு, மருந்து உட்கொண்டவர்களில் சுமார் 25,000 முதல் 40,000 பேருக்கு ஒருவர் என்று மதிப்பிட்டது. எண்ணிக்கையைவிடக் கவலை தந்தது வேறொன்று. இந்த விளைவுக்கும் உட்கொண்ட அளவுக்கும் தெளிவான தொடர்பு காணப்படவில்லை. யாருக்கு வரும், எவ்வளவில் வரும் என்று சொல்ல இயலாத நிலையில், இதற்குக் கீழே ஆபத்தில்லை என்று ஒரு கோட்டை எங்கே கிழிப்பது? ஐரோப்பா வந்தடைந்த பூஜ்யத்தின் வேர் இங்கே இருக்கிறது.

பின்னாளில் ஆடல் யூனிஸ் என்ற ஆய்வாளர், நைட்ரோ தொகுதி உடலுக்குள் ஒடுக்கமடையும்போது தோன்றும் நைட்ரோசோ வடிவமே மஜ்ஜையைத் தாக்குகிறது என்ற கருதுகோளை முன்வைத்தார். நைட்ரோ தொகுதிக்குப் பதிலாக வேறொரு தொகுதியைக் கொண்ட தையம்ஃபெனிக்கால் என்னும் உறவு மருந்து இந்தக் கொடிய விளைவுக்குக் காரணமானதாக அறியப்படவில்லை என்பது அதற்கு வலுச் சேர்த்தது. கருதுகோள் சரியென்றால், எந்தப் பகுதி மனிதனுக்கு நஞ்சாகிறதோ அதே பகுதிதான் மின்முனையிடம் மருந்தைக் காட்டிக்கொடுப்பதும்.

மருந்துக்கு எதிர்ப்பும் வளர்ந்தது. 1972-இல் மெக்சிகோவிலும் நம் அண்டையிலுள்ள கோழிக்கோட்டிலும் குளோரம்ஃபெனிக்காலுக்குக் கட்டுப்படாத டைபாய்டு பரவியது. எதிர்ப்புத் தன்மை ஒரு நுண்ணுயிரியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது என்பதும் தெரியவந்தது. மனிதருக்கான மருந்தைக் கால்நடைகளுக்கு அள்ளிக் கொடுப்பது பற்றிய கேள்விகள் கூர்மையடைந்தன.

உணவில் மருந்தெச்சத்தை முதலில் கண்டுபிடித்தது வேதியியலாளர்கள் அல்லர் என்பதை இங்கே இடைமறித்துச் சொல்ல வேண்டும். கண்டுபிடித்தவை தயிர் நுண்ணுயிரிகள். மடிநோய் கண்ட மாடுகளுக்குப் பெனிசிலின் செலுத்தத் தொடங்கிய 1940-களின் பிற்பகுதியில், மேலைநாட்டுப் பாலாடைக்கட்டித் தயாரிப்பாளர்களுக்குப் பால் உறையாமல் போயிற்று. உறைமோர் செத்துப்போயிருந்தது! நுண்ணுயிரி வளர்ந்தால் பால் சுத்தம், வளராவிட்டால் மருந்து கலந்தது என்ற இந்த அடுக்களைத் தர்க்கத்தையே குப்பிக்குள் அடைத்து, நிறமாற்றத்தால் காட்டும் சோதனைகள் பின்னர் விற்பனைக்கு வந்தன. பெனிசிலினுக்கு அவை மிகக் கூர்மையானவை. குளோரம்ஃபெனிக்காலுக்கு மிகவும் மந்தம்.

1990-களின் நடுவில் ஆசியக் கடற்கரையெங்கும் இறால் குட்டைகளில் வெண்புள்ளி நோய் பரவியது. அது வைரஸால் வருவது. வைரஸை நுண்ணுயிர்க்கொல்லி தொடாது. ஆயினும் கடன் வாங்கிக் குட்டை வெட்டிய ஒருவன், இறால்கள் செத்து மிதப்பதைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்பானா? கிடைத்த மருந்தெல்லாம் தண்ணீரில் கொட்டப்பட்டது. நோய்க்கு உதவாத மருந்து எச்சமாக மட்டும் தங்கிற்று. 2001-இல் ஆசிய இறால்களில் குளோரம்ஃபெனிக்கால் இருப்பதை ஐரோப்பிய ஆய்வகங்கள் அறிவிக்கத் தொடங்கின. 2002 ஜனவரியில் சீனாவிலிருந்து வரும் விலங்குப் பொருட்கள் பலவற்றையும் ஐரோப்பா தடுத்து நிறுத்தியது. இந்தியா உட்பட்ட பிற ஆசிய நாடுகளின் சரக்குகளும் கடும் சோதனைக்கு உள்ளாயின.

அப்போதுதான் பூஜ்யத்தின் சிக்கல் வெளிப்பட்டது. திரவ நிறப்பிரிகை முறையையும் நிறைமானியையும் இணைத்த விலையுயர்ந்த கருவிகள் சில ஆய்வகங்களிடம் இருந்தன, சிலவற்றிடம் இல்லை. ஒரு துறைமுகத்தில் தேறிய அதே சரக்கு அடுத்த துறைமுகத்தில் தோற்கலாம். 2003-இல் ஐரோப்பிய ஆணையம் ஒரு முடிவு செய்தது: எந்த ஆய்வகமானாலும் அதன் முறை ஒரு கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம் வரையேனும் காணக்கூடியதாக இருக்க வேண்டும். கருவிகளின் திறனுக்காக எழுதப்பட்ட இந்த எண்தான் நடைமுறையில் பூஜ்யத்தின் அளவாயிற்று. இறாலின் பாதுகாப்பைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. சிறு கணக்கொன்று போட்டுப் பார்த்தோம். அந்த எல்லையில் நிற்கும் ஒரு கிலோ இறாலில் ஐந்தரைக் கோடி கோடிக்கும் மேற்பட்ட குளோரம்ஃபெனிக்கால் மூலக்கூறுகள் இருக்கும்!

வேதியியலாளரின் மொழியில் இது சுமார் ஒரு நானோமோலார் செறிவு. ஹெய்ரோவ்ஸ்கியின் போலரோகிராஃப் நம்பிக்கையுடன் காணக்கூடியது அதைப்போல் சுமார் பத்தாயிரம் மடங்கு செறிந்த கரைசலைத்தான். 1959-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தபோதே, இங்கிலாந்தின் ஹார்வெல்லில் ஜெஃப்ரி பார்க்கர் மின்னழுத்தத்தைத் துடிப்புகளாகக் கொடுத்து அந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் பாதரசமே ஒரு நஞ்சு. ஒரு நஞ்சைத் தேட இன்னொரு நஞ்சைச் சொட்டவிடும் முறை, ஆய்வகத்தைத் தாண்டி மாட்டுத்தொழுவத்துக்கோ குட்டைக்கரைக்கோ வந்திருக்க முடியாது.

பாதரசத்தின் இடத்துக்குக் கார்பன் வந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஆடம்ஸ், பாதரசம்போலவே சொட்டக்கூடிய ஒரு கார்பன் மின்முனையைச் செய்ய முயன்று தோற்றார். கையில் மிஞ்சியது கிராஃபைட்டுத் தூளும் எண்ணெயும் குழைந்த ஒரு பசை. 1958-இல் அவர் அறிவித்த அந்தப் பசை மின்முனை இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் எதை வேண்டுமானாலும் கலக்கலாம், மேலே எதை வேண்டுமானாலும் பூசலாம். 1962-இல் லீலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் மின்முனைமீது நொதியொன்றைப் பொருத்திச் சர்க்கரையை அளக்க வழி சொன்னார்கள். இன்று நம் வீடுகளில் விரல்நுனியைக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் வைக்கும் சோதனைப்பட்டை அந்த யோசனையின் வழிவந்தது. அதே பட்டையில் இரத்தத்துக்குப் பதில் பாலை வைத்து, சர்க்கரைக்குப் பதில் மருந்தெச்சத்தைக் காட்டச் செய்ய முடியாதா என்பதே இத்துறையின் கனவு.

அக்கனவுக்கு உயிரூட்டியவை நானோப் பொருட்கள். 1991-இல் ஜப்பானின் சுமியோ இஜிமா கார்பன் நுண்குழாய்களை விவரித்தார். 1996-இல், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே.எஸ்.வி. சந்தானம், பிரிட்டோ, அஜயன் ஆகியோருடன் சேர்ந்து அந்நுண்குழாய்களால் ஒரு மின்முனை செய்து, மூளையின் வேதிப்பொருளான டோபமினை அளந்து காட்டினார். இத்துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று அது. 2004-இல் கிராஃபீன் வந்தது. தங்கத் துகள்கள், உலோக ஆக்சைடுகள் என்று வரிசை நீண்டது. அடிப்படை எளியது. கண்ணுக்குத் தெரியும் பரப்பு குன்றிமணி அளவே இருந்தாலும், நானோ மடிப்புகளால் மூலக்கூறுகள் வந்து தொடக்கூடிய பரப்பு பன்மடங்காகிறது. கிராஃபீனின் தளமும் குளோரம்ஃபெனிக்காலின் வளையமும் ஒன்றோடொன்று ஒட்டும் இயல்புள்ளவை. ஆகவே கரைசலில் அரிதாக அலையும் மூலக்கூறுகள் மின்முனைமீது வந்து கூடுகின்றன. பிறகு மின்னழுத்தத்தை இறக்கினால் நைட்ரோ தொகுதி நான்கு எலெக்ட்ரான்களை ஏற்று ஒடுங்குகிறது. ஷிகாட்டா நைட்ரோபென்சீனில் கண்ட அதே படி, இப்போது சிகரமாக எழுகிறது.

நானோமோலார் எல்லையைத் தொட்டோம், கடந்தோம் என்று கட்டுரைகள் குவிந்தன. இங்கே நாம் சற்று ஐயத்தோடு நிற்க வேண்டியிருக்கிறது. நுண்குழாய்களின் அற்புதம் எனப்பட்டவற்றில் ஒரு பகுதி, அவற்றைத் தயாரிக்கும்போது ஒட்டிக்கொண்ட உலோக மாசுகளின் வேலை என்று ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் காம்ப்டன் குழுவினர் 2000-களின் நடுவில் காட்டினர். 2020-இல், ஹெய்ரோவ்ஸ்கியின் அதே பிராக் நகரிலிருந்து மார்ட்டின் பூமெராவும் சகாக்களும் இன்னும் குறும்பான ஒரு கட்டுரையை வெளியிட்டனர். கிராஃபீனோடு எதைக் கலந்தாலும் மேம்பட்டது என்று எழுதுகிறீர்களே, பறவை எச்சத்தைக் கலந்து பார்ப்போம் என்று கலந்தார்கள். மின்வினையூக்கத் திறன் உண்மையிலேயே கூடியது! தமிழில் படிக்கும் நமக்கு மட்டும் இதில் இன்னொரு சிரிப்பு உண்டு. எச்சத்தைத் தேடும் துறைக்கு எச்சமே விடையளித்துவிட்டது.

உண்மையான இடர் உணர்திறனில் இல்லை. தூய கரைசலில் அழகாக எழும் சிகரம், பாலிலும் இறால் சாற்றிலும் மங்கிவிடுகிறது. புரதமும் கொழுப்பும் மின்முனைமீது படலமாகப் படிகின்றன. பாதரசத் துளிக்கு இருந்த மறதி இங்கே இல்லை. காற்றிலிருந்து கரைசலில் கரைந்த ஆக்ஸிஜனும் அதே பகுதியில் ஒடுங்கித் தொல்லை தருகிறது. மெட்ரோனிடசோல், நைட்ரோஃபியூரான்கள் முதலான பிற மருந்துகளிலும் நைட்ரோ தொகுதி உண்டு. மின்முனை அவற்றையும் கண்டு எழுந்துவிடக்கூடும். எதிர்ப்பொருட்களையும், குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் பற்றும் டி.என்.ஏ. இழைகளையும் மின்முனைமீது நிறுத்திக் காவல் வைக்கிறார்கள். காவல் கூடக் கூட விலையும் கூடுகிறது, ஆயுளும் குறைகிறது. ஆகையால் சட்டபூர்வமான கடைசி வார்த்தை இன்றும் நிறைமானியுடையதே.

உணர்திறன் பந்தயத்தில் காட்டப்பட்ட ஆர்வத்தில் பாதியேனும், கொழுப்பும் உப்பும் கலந்த அசல் மாதிரியைச் சமாளிப்பதில் காட்டப்பட்டிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பது நம் எண்ணம். ஏனெனில் கருவி யார் கையில் இருக்கிறது என்பது சிறிய விஷயமன்று. வாங்குபவரின் துறைமுகத்தில் இருக்கும் கருவி, எல்லாம் முடிந்த பின்பே தீர்ப்புச் சொல்கிறது. கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் ஆய்வகங்களில் அறுவடைக்கு முன்பே மாதிரியைச் சோதிக்கும் ஏற்பாடு வந்தது நல்லதே. அதுவும் மாதிரியை எடுத்துக்கொண்டு போய்க் காத்திருக்கும் ஏற்பாடுதான். தான் போடாத மருந்து தீவனத்தின் வழியாகவோ, பக்கத்துக் குட்டைத் தண்ணீரின் வழியாகவோ வந்திருக்கிறதா என்று குட்டைக்கரையில் நின்றபடி பார்த்துக்கொள்ளும் வசதி, அந்தச் சோதனைப்பட்டை தேறும்வரை சிறு பண்ணையாளருக்கு இல்லை.

இதற்கிடையே பூஜ்யம் இன்னொரு முறை நகர்ந்தது. 2010-இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள், எந்த மருந்தும் தொடாத மூலிகைகளிலும் புல்லிலும் குளோரம்ஃபெனிக்கால் இருப்பதை அறிவித்தனர். மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் சுரப்பதைச் செடிகள் வேர்வழியே உறிஞ்சக்கூடும் என்பது அவர்களுடைய அடுத்தடுத்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. கராகஸிலும் இல்லினாயிலும் கிடைத்த அதே வகை உயிரிகள்தாம். புல்லை மாடு மேய்கிறது. மண்ணே இடும் மருந்துக்கு யாரைத் தண்டிப்பது என்ற கேள்வி எழுந்த பின்னரும், ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய விதி, நடவடிக்கைக்கான அளவை ஒரு கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராமாகப் பாதியாக்கியது. 2022 நவம்பர் 28 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எந்தக் கருவியும் அதைக் காண முடியாது என்று இம்முறை ஒருவரும் சொல்லவில்லை.